சேலத்தில் தனியாளுக்கு வீடு: வாக்கும் காகிதமும்

சேலத்தில் ஹஸ்தம்பட்டியிலிருந்து அழகாபுரம் வரைக்கும், அங்கிருந்து சூரமங்கலம் வரைக்கும் தெருத்தெருவாக நடந்து பார்த்தால், 'வீடு வாடகைக்கு' என்ற அட்டைகளுக்குக் குறைவிருக்காது. அவற்றில் கணிசமானவற்றின் அடியில் 'குடும்பத்திற்கு மட்டும்' என்ற வரி சேர்ந்திருக்கும். அந்த வரி இல்லாத அட்டைகளிலும், தொலைபேசியில் பேசத் தொடங்கிய முதல் நிமிடத்திலேயே அது வாய்மொழியாக வந்துவிடும். பெற்றோர் வீட்டை விட்டு முதன்முறையாகத் தனியாகக் குடியேற நினைக்கும் இளைஞரோ இளம்பெண்ணோ வாடகை எவ்வளவு, தண்ணீர் வருமா என்ற கேள்விகளை எட்டுவதற்கு முன்பே, 'உங்களோடு யார் யார் இருப்பார்கள்?' என்ற கேள்வியில் நின்றுவிட நேர்கிறது.

இதை வெறும் பழமைவாதம் என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் இந்த ஊரின் வீடுகள் எப்படி உருவாயின என்பதைப் பார்க்காமல் அதைப் புரிந்துகொள்ள முடியாது. அம்மாபேட்டையிலும் குகையிலும் தறி போட்ட வீடுகளும், செவ்வாய்ப்பேட்டையிலும் சிவதாபுரத்திலும் வெள்ளிக் கொலுசு வேலை நடக்கும் வீடுகளும் வசிப்பிடமாகவும் தொழிற்கூடமாகவும் ஒருசேர இருந்தவை. ஒருவர் பாவு போட, ஒருவர் நெய்ய, ஒருவர் தார் சுற்ற என்று குடும்பமே வேலைக் குழுவாக இருக்கும் வீட்டிலிருந்து ஒரு பிள்ளை தனியாகப் போவது என்றால், அது பாசத்தில் விழுந்த விரிசலாக மட்டுமல்ல, கூலியில் குறைந்த ஒரு கையாகவும் கணக்கில் வந்தது. அத்தகைய வீடுகளில் பிரிவுக்கு இருந்த ஒரே மரியாதையான நேரம் திருமணத்துக்குப் பிறகுதான். 'தனிக்குடித்தனம்' என்று நாம் சொல்லும்போதுகூட இரண்டு பேர் கொண்ட வீட்டையே மனத்தில் வைத்துச் சொல்கிறோம்.

பிற்காலத்தில் வளர்ந்த ஃபேர்லேண்ட்ஸ், சுவர்ணபுரி போன்ற பகுதிகளிலும் வாடகைக்கு வரும் மாடிப் போர்ஷன்கள் பல, தனியாளை நினைத்துக் கட்டப்பட்டவை அல்ல. மகனுக்குக் கல்யாணம் ஆனால் இருக்கட்டும் என்று எழுப்பி, அதுவரை வாடகைக்கு விட்டு வைக்கப்படும் தளங்கள் அவை. படிக்கட்டு, தண்ணீர்த் தொட்டி, சில இடங்களில் மின்மீட்டர்கூட உரிமையாளரோடு பொதுவாக இருப்பதால், வாடகைக்கு வருபவர் அந்த வீட்டுக்குள் பாதி நுழைந்தவராகவே கருதப்படுகிறார். உரிமையாளர் ஆள் விசாரிப்பதன் ஒரு பகுதியாவது இந்தக் கட்டட அமைப்பிலிருந்து வருகிறது.

சேலத்துக்கே உரிய இன்னொரு தடை பேருந்து. ஓமலூரோ ராசிபுரமோ சொந்த ஊராக இருப்பவரிடம் வீட்டார் முதலில் எடுத்து வைக்கும் வாதம், 'பஸ்தான் நிமிஷத்துக்கு ஒண்ணு போகுதே, எதுக்குத் தனியா வாடகை?' என்பதுதான். 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்று ஆனபின், சேலத்தைச் சுற்றியுள்ள ஊர்களின் பெண்களைப் பொறுத்தவரை இந்த வாதம் இன்னும் வலுவடைந்துவிட்டது: பணமே செலவாகாத பயணத்துக்கு எதிராக மாதாமாதம் சில ஆயிரம் ரூபாய் வாடகையை நியாயப்படுத்த வேண்டியிருக்கிறது. ஆத்தூர் போலப் புறநகர்ப் பேருந்தில் பணம் கொடுத்து ஒன்றரை மணி நேரம் வர வேண்டிய தொலைவில் இருப்பவர்களுக்கு இந்த விவாதத்தில் ஓரளவு அனுகூலம் உண்டு. உண்மையில் வீட்டாரை இணங்க வைப்பது பெரும்பாலும் பணி நேரம்தான். இரவுப் பணி பார்க்கும் செவிலியர், கடை அடைக்க இரவு பத்து மணியாகும் ஜவுளிக்கடை ஊழியர், ஜாகிர் அம்மாபாளையம் தகவல் தொழில்நுட்பப் பூங்காவில் பிற நாட்டு நேரத்துக்கு வேலை செய்பவர் ஆகியோருக்குக் கடைசிப் பேருந்தே வழக்கறிஞராக வாதாடிவிடுகிறது. தனக்கென்று ஓர் அறை, தன் விருப்பப்படி ஒரு பொழுது என்ற காரணத்தைச் சொல்லி வெளியேறுபவர்களும் இருக்கிறார்கள். ஆனால் அந்தக் காரணத்தைச் சபையில் சொல்லும் துணிவு இன்னும் பலருக்கு வரவில்லை.

வெளியேறுபவர்கள் நேரே வீட்டுக்குப் போய்விடுவதில்லை. இடையில் விடுதி, மெஸ்ஸோடு சேர்ந்த அறை, நண்பர்கள் மூன்று பேர் பகிர்ந்துகொள்ளும் போர்ஷன் என்று படிகள் உள்ளன. பெண்கள் தங்கும் தனியார் விடுதிகள் 2014ஆம் ஆண்டின் தமிழ்நாடு மகளிர் மற்றும் குழந்தைகளுக்கான விடுதிகள், இல்லங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி உரிமம் பெற்றே இயங்க வேண்டும். சேருமுன் அந்த உரிமத்தைக் காட்டச் சொல்லிக் கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. வேலைக்குப் போகும் பெண்களுக்கென அரசு நடத்தும் 'தோழி' விடுதிகளில் ஒன்று சேலத்திலும் உள்ளது. விடுதியில் இருந்து பழகியவருக்கு வீடு பார்க்கும்போது ஒரு நன்மை கிடைக்கிறது: எந்த வசதி இல்லாமல் தன்னால் இருக்க முடியும், எது இல்லாமல் முடியாது என்பது அவருக்குத் தெரிந்திருக்கும்.

இனி அந்த விசாரணைக்கு வருவோம். சொந்த ஊர், அப்பாவின் தொழில், சைவமா அசைவமா, கல்யாணம் எப்போது, சுற்றி வளைத்துச் சாதி. இவை அனைத்தும் பத்து நிமிடத்தில் கேட்கப்பட்டுவிடும். கடைசியில் பெரும்பாலும், 'பெரியவங்க யாராச்சும் வந்து ஒரு வார்த்தை சொல்லட்டும் கண்ணு, அப்புறம் பாக்கலாம்' என்று முடியும். இதில் சாதியும் உணவும் பற்றிய கேள்விகள் எந்த வகையிலும் நியாயமற்றவை என்பது என் கருத்து. பெரியவரை அழைத்துவரச் சொல்வதை மட்டும் சற்று வேறாகப் பார்க்கலாம். வாடகை நின்றாலோ தகராறு வந்தாலோ யாரிடம் போய்ப் பேசுவது என்பதற்கு உரிமையாளர் தேடும் பிணை அது. முன்பின் தெரியாத ஒருவரின் சம்பளச் சீட்டைவிட, செவ்வாய்ப்பேட்டையில் கடை வைத்திருக்கும் அவருடைய சித்தப்பாவின் வாக்கு இந்த ஊரில் அதிகம் செல்லுபடியாகிறது. ஆகவே தனியாகப் போக விரும்புகிறவர், தனியாகப் போவதற்கே குடும்பத்தை அழைத்துப் போக வேண்டிய விசித்திரமான நிலையில் இருக்கிறார். வீட்டாரோடு சண்டையிட்டு வெளியேறுபவருக்கும், வீட்டாரே இல்லாதவருக்கும் இந்த வாசல் ஏறக்குறைய மூடியே இருக்கிறது.

சட்டம் இந்த இடத்தில் உதவுமா என்றால், இல்லை. சாவி கைமாறிய பிறகு என்ன நடக்க வேண்டும் என்பதைத்தான் வாடகைச் சட்டம் விரிவாகப் பேசுகிறது. யாருக்கு வீடு கொடுக்க வேண்டும் என்று அது உரிமையாளருக்குச் சொல்வதில்லை. எனினும் சாவி கைமாறிய பிறகு அது தரும் பாதுகாப்பு சிறிதல்ல. முதன்முறை வாடகைக்குப் போகிறவர்களில் பலர் அதைப் பற்றிக் கேள்விப்படாமலே கையெழுத்துப் போடுகிறார்கள் என்பதால், இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

தமிழ்நாட்டில் 1960ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் நீண்ட காலம் நடைமுறையில் இருந்தது. அதற்குப் பதிலாக, நில உரிமையாளர்கள் மற்றும் வாடகைதாரர்களின் உரிமைகள், பொறுப்புகளை ஒழுங்குபடுத்தும் சட்டம் 2017இல் இயற்றப்பட்டு, 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்தது. பழைய சட்டம் நியாய வாடகையை நிர்ணயிப்பதில் கவனம் செலுத்தியது. புதிய சட்டம் வாடகைத் தொகையை இரு தரப்பின் உடன்பாட்டுக்கே விட்டுவிட்டு, அந்த உடன்பாடு எழுத்தில் இருக்க வேண்டும், அது வாடகை ஆணையத்திடம் பதிவாக வேண்டும் என்று வலியுறுத்துகிறது. மாவட்ட ஆட்சியர் நியமிக்கும், துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத அலுவலர் ஒருவரே வாடகை ஆணையமாகச் செயல்படுகிறார். ஒப்பந்தம் செய்த 90 நாட்களுக்குள் இணையதளத்தின் வழியாகவே பதிவுக்கு விண்ணப்பிக்கலாம். பதிவானதும் ஓர் எண் வழங்கப்படும்.

இங்கே ஒரு குழப்பம் தொடர்ந்து வருகிறது. பத்திர எழுத்தர்கள் பலர் இன்றும் 11 மாத ஒப்பந்தமே எழுதுகிறார்கள். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகைகளைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும் என்று 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம் சொல்வதால், அந்தச் செலவைத் தவிர்க்க வந்த வழக்கம் அது. ஆனால் சார்பதிவாளரிடம் பதிவு செய்வது வேறு, வாடகை ஆணையத்திடம் பதிவு செய்வது வேறு. '11 மாசம்தானே, பதிவெல்லாம் வேண்டியதில்லை' என்று சொல்லப்படும் ஆறுதல் இரண்டாவதற்குப் பொருந்தாது. எழுத்து ஒப்பந்தம் இல்லாமலே இருந்துவிடலாம் என்று நினைப்பவர் அறிய வேண்டியது இன்னொன்று: ஒப்பந்தம் செய்துகொள்ளத் தவறியதையே காரணமாகக் காட்டி வீட்டைக் காலி செய்யக் கோரி உரிமையாளர் வாடகை நீதிமன்றத்தை அணுகச் சட்டம் இடமளிக்கிறது. காகிதம் இல்லாத உறவில் பெரும்பாலும் இழப்பு குடியிருப்பவருக்கே.

அட்வான்ஸ் பற்றியும் சட்டம் பேசுகிறது. மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்பது பொது விதி. ஆனால் 'ஒப்பந்தத்தில் வேறுவிதமாக இல்லாதவரை' என்ற நிபந்தனையும் கூடவே இருக்கிறது. எனவே ஐந்து மாதம், பத்து மாதம் என்று கேட்பவரிடம் சட்டத்தைச் சொல்லிப் பேரம் பேசலாமே தவிர, கையெழுத்திட்ட பிறகு அதையே சொல்லித் திரும்பக் கேட்பது கடினம். காலி செய்தபின் ஒரு மாதத்துக்குள், நியாயமான பிடித்தங்கள் போக மீதத்தைத் திருப்பித் தர வேண்டும். பிடித்தம் என்றவுடன் வெள்ளையடிப்புதான் நினைவுக்கு வரும்: எவ்வளவு சுத்தமாக வைத்திருந்தாலும் ஒரு மாத வாடகையைப் பெயிண்டுக்கென்று கழித்துக்கொள்வது இங்கே எழுதப்படாத வழக்கம். சுவருக்கு வெள்ளையடிப்பதையும் கதவு, ஜன்னல்களுக்கு வண்ணம் பூசுவதையும் சட்டத்தின் அட்டவணை உரிமையாளரின் பொறுப்பில்தான் வைக்கிறது. குழாய் வாஷர் மாற்றுவது, அடைப்பு எடுப்பது போன்ற சில்லறை வேலைகளே குடியிருப்பவருடையவை. இந்த ஒரு வரியை ஒப்பந்தத்தில் சேர்த்துக்கொண்டால் கடைசி நாளின் மனக்கசப்பில் பாதி குறையும்.

வாடகைக்கு ரசீது கேட்பது குடியிருப்பவரின் உரிமை. ரசீது கொடுக்கத் தயங்கும் உரிமையாளரிடம், குறைந்தபட்சம் வங்கி வழியாகவோ கைபேசிச் செயலி வழியாகவோ செலுத்திவிட்டால் சுவடு மிஞ்சும். உரிமையாளர் வீட்டுக்குள் வர வேண்டுமென்றால் 24 மணி நேரத்துக்கு முன்பு தெரிவிக்க வேண்டும் என்றும், வாடகைத் தகராறுக்காகத் தண்ணீரையும் மின்சாரத்தையும் நிறுத்தக் கூடாது என்றும் சட்டம் சொல்கிறது. தனியாக இருக்கும் பெண்களுக்கு இந்த இரண்டும் காகித உரிமைகள் மட்டுமல்ல. 'சும்மா பாத்துட்டுப் போகலாம்னு வந்தேன்' என்று மாற்றுச் சாவியோடு படியேறும் வீட்டுக்காரரை நிறுத்த, அவர்கள் கையில் உள்ள வலுவான சொல் இதுதான்.

பணக் கணக்கை ஓர் எடுத்துக்காட்டால் பார்க்கலாம். மாத வாடகை 6,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், மூன்று மாத அட்வான்ஸ் 18,000, முதல் மாத வாடகை 6,000, தரகர் ஒரு மாத வாடகையைக் கமிஷனாகக் கேட்டால் மேலும் 6,000. பாய் தலையணை வாங்குமுன்பே 30,000 ரூபாய் கைவிட்டுப் போய்விடுகிறது. சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்குக்குள் வாடகை இருக்க வேண்டும் என்று பொதுவாகச் சொல்லப்படும் அளவுகோல், இந்த முதல் மாதத்தைக் கணக்கில் கொள்வதே இல்லை. ஆகவேதான் அப்பாவிடமிருந்தோ நகைக் கடனிலிருந்தோ அட்வான்ஸ் வருகிறது. அதை யார் கொடுத்தார்கள் என்பதைப் பொறுத்து, அந்த வீட்டுக்குள் யாருடைய சொல் எடுபடும் என்பதும் ஓரளவு தீர்மானமாகிவிடுகிறது.

மாத வாடகைக்குப் பதிலாக மொத்தமாக ஒரு தொகையைக் கொடுத்துப் போக்கியத்துக்கு எடுத்துவிடலாம் என்று யோசனை சொல்லும் பெரியவர்கள் உண்டு. சில லட்சங்களைக் கொடுத்துவிட்டு வாடகையின்றி இருந்து, காலம் முடிந்ததும் வட்டியில்லாமல் திரும்பப் பெறும் ஏற்பாடு அது. ஒரு தலைமுறைச் சேமிப்பு அந்நியர் ஒருவரின் கையில் இருக்கும் என்பதால், முதன்முறை செல்பவருக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். எடுத்தே ஆக வேண்டுமென்றால், அந்த வீட்டின் வில்லங்க விவரத்தைப் பதிவுத்துறை இணையதளத்தில் கட்டணமின்றிப் பார்த்துவிடலாம். வீட்டின் மேல் வங்கிக் கடன் பதிவாகியிருந்தால் அதில் தெரியும். கடன் கட்டாமல் வீடு ஏலத்துக்குப் போனால் போக்கியத் தொகையை மீட்பது பெரும்பாடு.

வாடகைக்கு அடுத்தபடியாகத் தனியாளின் பையைத் தொடுவது மின்சாரம். தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை கணக்கெடுக்கப்படுகிறது. வீட்டு இணைப்புக்கு முதல் 100 யூனிட் இலவசம். பயன்பாடு ஏற ஏற யூனிட் விலையும் படிப்படியாக ஏறும். தனக்கென்று தனி இணைப்பு இருக்கும் ஒருவர் இரண்டு மாதத்தில் 120 யூனிட் செலவழித்தால், 20 யூனிட்டுக்கே, அதுவும் கீழ்ப்படி விலையில், பணம் கட்டுவார். உரிமையாளரின் இணைப்பிலிருந்து துணை மீட்டர் வைத்து எடுக்கப்பட்ட அறையில் யூனிட்டுக்கு 8 ரூபாய் என்று பேசியிருந்தால், அதே 120 யூனிட்டுக்கு 960 ரூபாய். உரிமையாளர் ஏமாற்றுகிறார் என்றும் சொல்லிவிட முடியாது: இரண்டு குடும்பப் பயன்பாடும் ஒரே இணைப்பில் சேர்வதால் அவர் மேல்படி விலைக்குத் தள்ளப்படுகிறார். எப்படியானாலும் 'தனி மீட்டரா?' என்ற ஒரு கேள்வி, வாடகையில் சில நூறு ரூபாய் பேரம் பேசுவதைவிட அதிகம் மிச்சப்படுத்தும்.

தண்ணீரில் இந்த ஊருக்கு இரண்டு கணக்கு. மேட்டூரிலிருந்து வரும் காவிரிதான் நல்ல தண்ணி. அது தினமும் வராது, வரும் நேரமும் மாறும். மற்ற புழக்கத்துக்கு ஆழ்துளைக் கிணற்றின் உப்புத் தண்ணி. குடும்பமாக இருக்கும் வீட்டில் குழாயில் தண்ணீர் விடும் நேரத்தில் யாராவது ஒருவர் இருப்பார். காலை எட்டு மணிக்குக் கிளம்பி இரவு ஒன்பதுக்குத் திரும்பும் தனியாளுக்காகக் குடத்தைப் பிடித்து வைக்க யாரும் இல்லை. நல்ல தண்ணீருக்குத் தரைத்தொட்டி இருக்கும் வீடா, தெருக்குழாயில் பிடிக்க வேண்டிய வீடா என்பது ஆகவே தனியாளுக்குத்தான் அதிக முக்கியம். இல்லையென்றால் கேன் தண்ணீர்ச் செலவையும் வாடகையோடு சேர்த்தே எண்ண வேண்டும்.

தனியாளுக்குச் சுலபமாகக் கிடைப்பது மொட்டை மாடி அறை என்பதையும், சேலம் நான்கு பக்கமும் மலைகள் சூழ்ந்த பள்ளத்தில் இருக்கிறது என்பதையும் சேர்த்து யோசிக்க வேண்டும். ஏப்ரல், மே மாதங்களில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும் நாட்கள் உண்டு. பகலெல்லாம் காய்ந்த கான்கிரீட் தளம் இரவு முழுக்க அந்தச் சூட்டை அறைக்குள் இறக்கும். மாடி அறையை மார்கழியில் பார்த்து முடிவு செய்பவர் இதை அறிய வாய்ப்பில்லை. பகல் மூன்று மணிக்குப் போய்ப் பார்ப்பதும், மேலே வெயிலைத் தடுக்கும் தட்டு ஓடு பதித்திருக்கிறதா, வெறும் சிமெண்ட் ஷீட் கூரையா என்று நிமிர்ந்து பார்ப்பதும் நல்லது. ஆடியில் குடிபோகக் கூடாது என்ற வழக்கத்தால் அந்த மாதத்தில் காலி வீடுகள் தேங்கி நிற்கும் என்பதையும் சொல்லி வைக்கலாம். கோட்டை மாரியம்மன் பண்டிகைக் கூட்டத்துக்கு நடுவே வீடு பார்க்கும் பொறுமை இருப்பவருக்கு, மற்ற மாதங்களைவிட இறங்கிய பேரம் அமையக்கூடும்.

ஏற்காட்டில் வேலை கிடைத்து அங்கேயே தங்க நினைப்பவர்களின் நிலை சற்று வேறு. எஸ்டேட் வேலையாட்களுக்கு லைன் வீடுகள் உண்டு. ஆசிரியர்களும் அலுவலர்களும் பலர் 20 கொண்டை ஊசி வளைவுகளை ஏறி இறங்கிச் சேலத்திலிருந்தே போய் வருகிறார்கள். சுற்றுலாப் பயணிக்கு நாள் வாடகைக்கு விட முடிகிற அறையை மாத வாடகைக்குத் தர உரிமையாளருக்கு மனம் வருவது அரிது. கிடைத்தாலும் மழைக்காலத்தில் சுவரில் ஏறும் ஈரத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

எல்லாம் அமைந்து ஒப்பந்தம் எழுதும் வேளையில்தான், பெரிதாகத் தெரியாத ஆனால் மிகுந்த விளைவுள்ள ஒரு கேள்வி வருகிறது: யார் பெயரில்? வாக்குக் கொடுக்க வந்த அப்பாவின் பெயரிலேயே எழுதிவிடுவது உரிமையாளருக்கு நிம்மதி. வீட்டாருக்கும் அதில் ஒரு திருப்தி. ஆனால் அப்படி எழுதினால், சட்டத்தின் கண்ணில் வாடகைதாரர் அப்பாதான். அங்கே குடியிருப்பவர் அவருடைய வீட்டில் தங்கியிருக்கும் பிள்ளை. முகவரிச் சான்றுக்கும் வங்கிக்கும் அந்த ஒப்பந்தம் அவருக்கு நேரடியாக உதவாது. வருமான வரியின் பழைய முறையில் வீட்டு வாடகைப்படிக்கு விலக்குக் கோருபவருக்கும் இடர்ப்பாடு வரும். ஆண்டு வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டினால் உரிமையாளரின் பான் எண்ணையும் கொடுக்க வேண்டியிருப்பதால், அந்தப் பேச்சையும் முதலிலேயே முடித்துக்கொள்வது நல்லது. எல்லாவற்றையும்விட, நாளை தகராறு என்று வந்தால் வாடகை ஆணையத்தின் முன் நின்று பேசும் தகுதி ஒப்பந்தத்தில் பெயர் உள்ளவருக்கே உண்டு.

ஆகவே ஒப்பந்தத்தில் வாடகைதாரர் என்ற இடத்தில் குடியிருக்கப் போகிறவரின் பெயரும், சாட்சி என்ற இடத்தில் அப்பாவின் அல்லது அம்மாவின் கையெழுத்தும் இருக்கும்படி கேட்பதே சரியான ஏற்பாடு என்று நினைக்கிறேன். உரிமையாளர் தேடும் பெரியவரின் வாக்கு அதில் குறைவில்லாமல் இருக்கும். வாடகைக்கும் வீட்டுக்கும் பொறுப்பேற்கும் கை மட்டும் மாறியிருக்கும். இதற்கு மறுக்கும் உரிமையாளர்கள் உண்டு. அவர்களிடம் பதிவு எண் பெறும் ஒப்பந்தத்தில் யார் குடியிருக்கிறார்களோ அவர்கள் பெயர் இருப்பதுதான் அவர்களுக்கும் பாதுகாப்பு என்று எடுத்துச் சொல்லிப் பார்க்கலாம். அதற்கும் இணங்காவிட்டால், வேறு தெருவில் வேறு அட்டையைத் தேடுவதில் நட்டம் ஒன்றுமில்லை.